கிண்ணம் உருண்ட வரி

மழை விட்டிருந்தது. நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். ஆனால் வீட்டுக்குள் பொழுது சாயப் போகிற நேரம் போல இருட்டு. றோட்டுக்கு அந்தப் பக்கம் அலுவிகாரைப் பாறைகள் நனைந்து கறுத்து நின்றன. மழை நாட்களில் அந்தப் பாறைகள் ஒரு முழம் கிட்ட வந்து நிற்பதாக எனக்கு எப்போதும் தோன்றும்.

என் கணவர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்புள்ளையிலிருந்து செத்தல் மிளகாய் ஏற்றிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தார். லொறி வாசலில் நின்றது. அவருக்குப் பின்னால், சுவரோரம், பாயில் எங்கள் மகன் ரஸீன் படுத்திருந்தான். அவனுக்கு அப்போது மூன்று வயது.

"புள்ள எப்படி?" என்று கேட்டார்.

"இப்ப அமைதியா ஈக்கிறான்" என்றேன்.

பருப்பு ஊற்றக் குனிந்தபோது என் முழங்கை பட்டு மேசை ஓரத்தில் இருந்த பித்தளைக் கிண்ணம் விழுந்தது. சிமெந்துத் தரையில் அது போட்ட சத்தம் பின்வளவுக் கோழிகளையே கலைத்தது. உருண்டு, பாயின் ஓரம் வரை போய், சுவரில் முட்டி, நின்ற இடத்திலேயே சுழன்று சுழன்று ஓய்ந்தது.

ரஸீனின் கண்கள் திறந்திருந்தன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கையிலிருந்த கரண்டியிலிருந்து பருப்பு சொட்டிக்கொண்டிருந்தது. நான் பயந்தது பிள்ளை திரும்பாததற்கு மட்டுமல்ல. அந்தக் காட்சியை நாற்பது நாட்களுக்கு முன்பே நான் எழுதியிருந்தேன்.

உக்குவளைச் சகோதரிக்கு

இந்த நினைவுகளை வாராவாரம் படித்து வரும் உக்குவளைச் சகோதரி ஒருவர் போன கிழமை கடிதம் எழுதியிருந்தார். "சில வருடங்களுக்கு முன் இதே பத்திரிகையில் நபிகளின் தோழியரான சஹாபிப் பெண்மணிகளின் வாழ்க்கையை எங்களுக்கு விளங்கும் தமிழில் எழுதினீர்களே, பாதியில் ஏன் நிறுத்தினீர்கள்? என் உம்மா இன்னும் கேட்கிறா" என்று.

மூன்று நாள் அந்தக் கடிதத்தைத் தையல் மெசின் லாச்சியில் வைத்திருந்தேன். பதில் எழுதுவதா விடுவதா என்று தீர்மானிக்க முடியவில்லை. எழுதினால் என் கணவருக்கு எப்படி இருக்கும், மகன் பெரியவனானால் என்ன நினைப்பான் என்றெல்லாம் யோசித்தேன். பிறகு அவரிடமே கேட்டேன். "நடந்தத எழுதிறதுக்கு என்ன?" என்றார்.

நடந்ததை மட்டும் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமைப் பெண்கள்

கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், வியாழக்கிழமைகளில் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன் அயல் வீட்டுப் பெண்கள் எங்கள் முன் அறையில் கூடுவார்கள். ஒருவர் அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்றை இராகமாக ஓதுவார். தமிழ்தான், ஆனால் அரபு எழுத்தில் எழுதிய பழைய செய்யுள். மற்றவர்கள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணீர் விடுவார்கள். ஊதுபத்தியும், பக்கத்து அறையில் குவித்திருந்த மிளகும் சேர்ந்து ஒரு மணம். இன்றைக்கும் மிளகு மணந்தால் எனக்கு அந்த இராகம் கேட்கும்.

ஒருநாள் எனக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவரிடம், "இப்ப ஓதினது என்ன?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் புள்ள? நல்லவங்கட கத. அழத்தானே வேணும்" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் சீனியர் வகுப்பு வரை படித்தவள். அதனால் பொருள் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. எழுத்துக்கூட்டி அந்தச் செய்யுளைப் படித்தேன். பள்ளிவாசல் லெப்பையிடம் ஆளனுப்பிக் கேட்டுச் சந்தேகம் தீர்த்தேன். ஒவ்வொரு கிழமையும் ஒரு பெண்மணியின் வாழ்க்கையை வீட்டில் பேசுகிற மாதிரியான தமிழில் எழுதி வாசித்தேன். பிறகு இந்தப் பத்திரிகைக்கும் அனுப்பினேன். போட்டார்கள்.

முதல் வாசிப்பில் யாரும் அழவில்லை. அது எனக்குத் தோல்வி போலத் தோன்றியது. ஆனால் கேள்விகள் வந்தன. "மதீனாவிலயும் மாமிமார் ஈந்தாங்களா?" என்று ஒரு புது மருமகள் கேட்டாள். அவளுடைய மாமி பக்கத்திலேயே இருந்தார். "ஈந்தாங்க, ஆனா மருமக்கள்மாரு இப்பிடி வாய் பேசல்ல" என்று அவர் சொல்ல, அறையே சிரித்தது.

அவர்கள் சிரித்தபோது எனக்கு ஆசை கூடிவிட்டது. அந்த நாயகிமார் வானத்தில் அல்ல, எங்கள் அடுத்த வளவில் வாழ்ந்தவர்கள் போலத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகச் சின்னச் சின்னதாகச் சேர்க்கத் தொடங்கினேன். ஒரு தண்ணீர்க் குடம். வாசலில் ஒரு கோழி. முக்காட்டின் நுனியில் ஈரக் கையைத் துடைப்பது. இதெல்லாம் கிதாபில் இல்லை. ஆனால் எந்த வீட்டில்தான் குடம் இல்லை என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன்.

சொல்லாமல் சொல்ல

உம்மு ஸுலைம் நாயகியின் முறை வந்தது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய சின்ன மகனுக்கு நோய். கணவர் அபூதல்ஹா வெளியே போயிருந்த நேரத்தில் பிள்ளை மௌத்தாகிவிடுகிறது. நான் சொல்லும்வரை யாரும் அவரிடம் சொல்லாதீர்கள் என்று வீட்டாரிடம் சொல்லிவிடுகிறார் அந்தத் தாய். கணவர் வந்து பிள்ளை எப்படி என்று கேட்கிறார். முன்னைவிட அமைதியாக இருக்கிறான் என்கிறார் தாய். சாப்பாடு வைக்கிறார். கணவர் சாப்பிட்டு ஆறியபின்தான், இரவல் தந்தவர் பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுக்கலாமா என்று மெதுவாகத் தொடங்கி உண்மையைச் சொல்கிறார்.

அதை எழுத நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரஸீன் என் காலடியில் சிரட்டைகளைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். "பிள்ளை இறந்துவிட்டது" என்ற வரியை அவனுக்கு முன்னால் எழுத என் கை போகவில்லை. கையெழுத்தில் வந்துவிட்டால் வீட்டுக்குள்ளும் வந்துவிடும் என்று ஒரு பயம். படித்தவளுக்கு இருக்கக்கூடாத பயம்தான்.

அதனால் அந்தச் சொல்லை எழுதாமல், இப்படி எழுதினேன்: "கிண்ணம் ஒன்று கைதவறி விழுந்து, பாயின் ஓரம் வரை உருண்டு ஓய்ந்தது. பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை."

மரணத்தை நாலு பக்கம் தள்ளி, கதையின் கடைசியில்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை வாசித்தபோது கிண்ணம் உருண்ட இடத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எல்லோரும் அழுதார்கள். இந்தமுறை ஏன் அழுகிறோம் என்று தெரிந்தே அழுதார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. மறைப்பானேன்?

ஜெமீலா மச்சி மட்டும் அழவில்லை. என் கணவருக்கு மூத்தவரான நானாவுடைய மனைவி. அதே வீட்டின் மறுபாதியில் இருந்தார். நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். எல்லோரும் போனபின் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கிண்ணம் கிதாபுல ஈக்குதா?"

"இல்ல மச்சி. சும்மா, கதைக்கு."

"நீ போய்ப் பாத்தியா?"

"என்ன மச்சி இது…"

"இல்ல, கேட்டேன். அவங்கட வீட்டுக்குள்ள நீ ஒரு கிண்ணத்தக் கொண்டு போய் வெச்சிட்டு வந்தீக்கிறாய். அதான் கேட்டேன்."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பத்திரிகைக்கு அனுப்பும்போது அந்த வரியை அடித்துவிடலாமா என்று இரண்டுமுறை பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. அடுத்த மாதம் வெளிவந்தது.

மூன்று நாள்

ரஸீனுக்குக் காய்ச்சல் வந்தபோது என் கணவர் தம்புள்ளைக்குப் போயிருந்தார். முதல் நாள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். இரண்டாம் நாள் அப்போதிக்கரியிடம் கலக்கு மருந்து வாங்கினோம். அன்று முழுவதும் பிள்ளை அலறினான். தட்டிக்கு அப்பால் மச்சி இடிக்கிற உலக்கைச் சத்தத்துக்கு, கோழி கத்துவதற்கு, நான் மூச்சு விடுவதற்குக்கூட அலறினான். மச்சி உலக்கையை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் அலறல் நின்றது.

காய்ச்சல் இறங்குகிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா? தலையணையைச் சரிசெய்ய அவன் தலையைத் தூக்கியபோது, கழுத்து மடியாமல் முதுகும் சேர்ந்து எழும்பியது. பலகையைத் தூக்குவது போல. அதைப் பார்த்தேன். பார்த்ததை உடனே போர்வையால் மூடினேன்.

மழை கொட்டியது. ஓட்டில் அவ்வளவு சத்தம். அதன் நடுவே பிள்ளை மட்டும் கண்ணைத் திறந்தபடி, சுவரில் இல்லாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். மச்சியைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு சத்தம் போட்டால் போதும். ஆனால் அழுது ஊரைக் கூட்டுகிற பெண்ணாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். பொறுமையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவள் அல்லவா?

மழை விட்ட கையோடு லொறிச் சத்தம் கேட்டது.

அவர் உள்ளே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை, தலகிரியாகமை வளைவில் டயர் வெடித்தது என்றார். சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம் என்று எண்ணினேன். அந்த எண்ணம் என்னுடையதாகவே எனக்குத் தோன்றவில்லை. என் கை பீங்கானைத் துடைத்து வைத்தது. என் வாய், எழுதி வைத்ததைச் சொன்னது.

அந்த நாயகி மௌத்தான பிள்ளைக்காகக் காட்டிய பொறுமையை, நான் உயிரோடு இருந்த பிள்ளைக்கு முன்னால் காட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தரம் சோறு

கிண்ணம் விழுந்தது. எழுதியபடியே உருண்டது. இதை எழுதும்போது எனக்கே ஒரு சந்தேகம்: பாயின் ஓரம் வரை உண்மையில் உருண்டதா, அல்லது நான் எழுதிய வரிதான் என் நினைவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதா? சுவரில் முட்டியது மட்டும் நிச்சயம். சுவரில் இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது.

குனிந்து கிண்ணத்தை எடுத்தேன். அது பிள்ளையின் நெற்றியைவிடக் குளிர்ந்திருந்தது. மேசையில் வைத்தேன்.

"இன்னங் கொஞ்சம் சோறு போடுங்க" என்றார் அவர்.

போட்டேன்.

எவ்வளவு நேரம் போயிருக்கும்? சகோதரி, எனக்குத் தெரியாது. அவர் பிசைந்து சாப்பிடும் சத்தம் கேட்டது. வெளியே வாழை இலையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எல்லாச் சத்தங்களும் எனக்கு மட்டும் கேட்பதற்காக உண்டானவை போல இருந்தன.

பின்கதவால் ஜெமீலா மச்சி வந்தார். கிண்ணச் சத்தம் கேட்டு வந்திருக்கிறார். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"இந்தப் புள்ள ஏன் இப்பிடிப் பாக்குது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை மறக்க முடியாது. "அடியே, என்ன செய்றாய் நீ? இவருக்குச் சோறா போடுறாய்?"

என் கணவர் கையைக்கூடக் கழுவவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாத்தளை ஆஸ்பத்திரிக்கு லொறியிலேயே போனோம். பின்னால் இறக்காத செத்தல் மிளகாய் மூட்டைகள். ஈரக்காற்றில் அந்தக் காரம் முன்னுக்கு வந்து எங்களைப் பிடித்தது. அவர் தும்மினார். நான் இருமினேன். மச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார். என் மடியில் கிடந்தவன் மட்டும் தும்மவில்லை. கண்ணைச் சிமிட்டவுமில்லை.

பக்கத்துக் கட்டில்

மூளைக்காய்ச்சல் என்றார்கள். முதுகில் ஊசி போட்டார்கள். நாலாம் நாள் வரை எதுவும் சொல்ல ஏலாது என்றார்கள்.

பக்கத்துக் கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் குழந்தை. அதன் தாய் தோட்டத்துப் பெண், மாரியாயி என்று பெயர். மூன்றாம் நாள் பின்னேரம் அவர் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அழுவாதீங்கம்மா. ஒங்க ஆளுகள்லயே ஒரு அம்மா இருந்தாங்களாமே, அரபு நாட்டுல. புள்ளைக்கு முடியாமப் போயிருச்சாம். புருசங்காரரு வர்ற வரைக்கும் மூச்சு விடலையாம் அந்த அம்மா."

நான் ரஸீனின் போர்வையை இழுத்துவிட்டேன்.

"சோறு போட்டாங்களாம். அப்ப கிண்ணம் ஒண்ணு கீழ விழுந்து உருண்டுச்சாம். புள்ள திரும்பிக்கூடப் பாக்கலையாம்."

"இத யார் உங்களுக்குச் சொன்னது?"

"லயத்துக்குப் புடவ மூட்ட தூக்கிக்கிட்டு வருவாரே ஒரு பாய், அவரு வீட்டம்மா ஏதோ பேப்பர்ல படிச்சாங்களாம். அவரு சொன்னாரு. மத்ததெல்லாம் சாமி மாதிரி ஆளுங்க செய்யிற காரியங்க, நமக்கு வராது. அந்தக் கிண்ணம் மட்டுந்தான் நம்ம வீட்டுல விழுந்த மாதிரியே இருக்கு. எனக்கு அதாங்க மறக்க மாட்டேங்குது."

அது கதையில் இல்லை, அதை வைத்தது நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்திருந்தார். கை கரடுமுரடாக, சூடாக இருந்தது. சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பெண் குழந்தை எழுந்து உட்கார்ந்து தின்னப் பாண் கேட்டது. ரஸீனுக்கும் காய்ச்சல் விட்டது. ஒரு தாதி தாம்பாளத்தைத் தவறவிட்டார். வார்டு முழுக்கத் திரும்பியது. அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அளந்து சொல்ல ஏலாது

"ரெண்டு மணித்தியாலம் முந்தி கொண்டு வந்திருந்தா காது தப்பியிருக்குமா?" என்று டொக்டரிடம் கேட்டேன்.

"அப்படி அளந்து சொல்ல ஏலாது அம்மா" என்றார். நல்ல மனிதர். அவர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

பத்திரிகைக்கு எழுதி, அந்த வரி என் கற்பனை என்று திருத்தம் போடச் சொன்னேன். ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டார்கள். யாரும் படிக்கவில்லை. போன பெருநாளைக்குப் பிறகுகூட, கலியாண வீடொன்றில் ஒரு பெண் அந்தச் சரித்திரத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குடத்தை விட்டார், கோழியை விட்டார். கிண்ணத்தை விடவில்லை. நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

என் கணவர் இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரேயொரு தடவை, லொறியைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அன்டைக்கு நான் ரெண்டாந்தரம் சோறு கேட்டிருக்கக் கூடாது."

அதற்குப் பிறகு நான் அந்தத் தொடரை எழுதவில்லை.

மேல்தட்டு

ரஸீனுக்கு இப்போது ஒன்பது வயது. அவன் கையை என் தொண்டையில் வைத்துத்தான் பேசக் கற்றுக்கொடுத்தேன். ஏற்ற இறக்கமில்லாத ஒரு குரலில் பேசுவான். புதிதாக வருபவர்கள் திடுக்கிடுவார்கள். உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வான். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தொடங்கியிருக்கிறான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அலுமாரியின் கீழ்த்தட்டில் பீங்கான்களுக்கு அடியில் விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். மஞ்சளாகி, ஓரங்கள் நொறுங்கிய தாள். ஒரு வரியில் விரலை வைத்திருந்தான். எந்த வரி என்று கிட்டப் போகாமலே எனக்குத் தெரிந்தது.

"இந்தப் புள்ளக்கும் காது கேக்காதா?" என்றான்.

மரணத்தைச் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதிய வரி. அதை எழுதியிருந்த மாதிரியே படித்தவன் அவன் ஒருவன்தான்.

கிதாபில் இல்லாத ஒரு சொல்லையும் இனிச் சேர்ப்பதில்லை என்று மனதுக்குள் உறுதியாக நிய்யத்து வைத்திருந்தேன். அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆம் என்று தலையாட்டினேன்.

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. குசினிக்குப் போய் அந்தப் பித்தளைக் கிண்ணத்தை எடுத்து வந்தான். தரையில் நிறுத்திச் சுழற்றிவிட்டு, பக்கத்தில் உள்ளங்கையைச் சிமெந்தில் பதித்துக்கொண்டு குப்புறப் படுத்தான். கிண்ணம் சுற்றியது. நான் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி முனகலும் ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் விரலைத் தூக்கி, இன்னும் இல்லை என்று காட்டினான். கொஞ்சம் கழித்து, "இப்பதான் நிண்ட" என்றான்.

எழுந்து தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறும் விளம்பரங்கள்.

"மத்தத் தாள் எங்க?" என்று கேட்டான். "அந்தப் புள்ள பொறகு என்ன செஞ்ச?"

"தொலைஞ்சி போச்சு மகன்" என்றேன், அவன் பார்க்கும்படி உதட்டை மெதுவாக அசைத்து.

தொலையவில்லை. அதே அலுமாரியின் மேல்தட்டில், பெருநாளைக்கு மட்டும் எடுக்கும் கோப்பைகளுக்கு அடியில் விரித்திருக்கிறது. அவன் கை இன்னும் அங்கே எட்டாது.